காரணமே தெரியாமல் தொடையிலும் கையிலும் கன்றிப்போகிறது. யாருக்காவது இப்படி இருந்ததா?

பொருநைக்கரை (திங்கள், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 34 வயது. இரண்டு பிள்ளைகள், பெண்ணுக்கு 11, பையனுக்கு 6. ஒரு மாதமாகத்தான் இதை உற்றுக் கவனிக்கிறேன். குளிக்கும்போது பார்த்தால் தொடையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு நீலமாகக் கன்றியிருக்கிறது. எங்கே இடித்துக்கொண்டேன் என்று ஞாபகமே இல்லை. நாலைந்து நாளில் பச்சையாகி, அப்புறம் மஞ்சளாகி மறைந்துவிடுகிறது. அதற்குள் வேறு இடத்தில் இன்னொன்று.

போன வாரம் பேருந்தில் கூட்டம். கம்பியை முழங்கையில் கோத்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலையில் மேல்கையின் உள்பக்கம் நான்கு விரல் அகலத்துக்குக் கருநீலம். கம்பி அழுத்தியது உண்மைதான். அதற்கு இவ்வளவா?

அம்மா காத்து கருப்பு என்கிறார், மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்கிறார். மாமியார் புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போடச் சொல்கிறார். இணையத்தில் தேடினால் எடுத்த எடுப்பில் ரத்தப் புற்றுநோய் என்று வருகிறது. மூன்று நாளாகத் தூக்கமில்லை. எந்த மருத்துவரிடம் போக வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை.

இயற்கைவழி (திங்கள், இரவு 10.15)

பயப்படாதீர்கள் சகோதரி. வைட்டமின் சி குறைந்தால் இப்படி வரும். தினமும் ஒரு பெருநெல்லிக்காய், வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை. ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

வார்டு நர்ஸ் (செவ்வாய், காலை 6.20)

இரவுப் பணி முடிந்து வந்து எழுதுகிறேன். 19 வருடம் அரசு மருத்துவமனையில் இருக்கிறேன், அதில் 7 வருடம் ரத்த நோய்ப் பிரிவில்.

நெல்லிக்காய் நல்லதுதான், சாப்பிடுங்கள். ஆனால் வைட்டமின் சி குறைவால் கன்றும் அளவுக்குப் போனவர்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசியும், மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளி வரும், பழைய புண் ஆறாது. மாதக்கணக்கில் பழமோ காய்கறியோ சாப்பிடாதவர்களிடமும், குடிப்பழக்கம் முற்றியவர்களிடமும்தான் நான் அதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் தினம் எலுமிச்சையும் தக்காளியும் புழங்கினால் அதை முதல் காரணமாக நினைத்து ஒரு மாதத்தை வீணாக்க வேண்டாம்.

கன்றுவது என்றால் தோலுக்கு அடியில் உள்ள நூல் மாதிரியான ரத்தக் குழாய் உடைந்து ரத்தம் வெளியே பரவுவது. உடைந்த இடத்தை அடைக்க மூன்று ஏற்பாடுகள் உண்டு. குழாயின் சுவரும் அதைத் தாங்கும் தோலும் ஒன்று. ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும் தட்டணுக்கள், நாம் பிளேட்லெட் என்கிறோமே, அவை இரண்டாவது. ரத்தத்தைக் கட்டியாக்கும் புரதங்கள் மூன்றாவது. இவற்றில் எது பழுது என்பதைத்தான் டாக்டர் தேடுவார். எதுவுமே பழுதில்லாமல் தோல் மெலிதாக இருப்பதால் மட்டும் கன்றுகிறவர்களும் நிறைய. பெண்களுக்குத் தொடையிலும் மேல்கையிலும் அப்படி அடிக்கடி வரும்.

அதனால் கறையின் அளவைவிட எனக்கு முக்கியம் உங்கள் கதை. இதற்கெல்லாம் பதில் யோசித்து வையுங்கள். பல் பிடுங்கியபோது எவ்வளவு நேரம் ரத்தம் வந்தது? மாதவிலக்கு எத்தனை நாள், எத்தனை நாப்கின்? பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்களா? மூக்கில் ரத்தம் வருமா, பத்து நிமிடம் அழுத்தினால் நிற்குமா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், தலைவலிக்கு வாங்கிப் போடுவது உட்பட? அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இப்படி உண்டா?

இன்னொன்று, தவறாக நினைக்காதீர்கள். கன்றல்களோடு வருகிற எல்லாப் பெண்களிடமும் தனியாகக் கூப்பிட்டு இதைக் கேட்பது என் வழக்கம். வீட்டில் யாராவது கை நீட்டுகிறார்களா? அப்படியானால் இங்கே பொதுவில் எழுத வேண்டாம், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். 181 என்ற எண்ணிலும் எந்த நேரமும் பேசலாம்.

பொருநைக்கரை (செவ்வாய், காலை 11.05)

கேட்டதற்கு நன்றி அக்கா. வீட்டில் அப்படி எதுவும் இல்லை, உண்மையாகவே இல்லை.

மற்ற கேள்விகளைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 26 வயதில் கடைவாய்ப் பல் பிடுங்கினேன். இரண்டு நாள் ரத்தம் நிற்கவில்லை. தலையணை உறையை இரண்டு தடவை மாற்றினேன், திரும்பவும் போய்த் தையல் போட்டார்கள். மாதவிலக்கு 8, 9 நாள். முதல் மூன்று நாள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், கட்டிகட்டியாகப் போகும். வலிக்கு மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடுவேன். இதெல்லாம் எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான். அம்மாவுக்கு 38 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பாட்டி என் சித்தியைப் பெற்றபோது ரத்தம் நிற்காமல் பிழைத்ததே பெரிது என்று சொல்வார்கள்.

வார்டு நர்ஸ் (செவ்வாய், காலை 11.30)

அம்மா, இந்த வாரமே போங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. நீங்கள் இப்போது எழுதியதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பொதுமருத்துவரிடம் கொடுங்கள். தட்டணுவோடு முழு ரத்த எண்ணிக்கை, ஸ்மியர் (ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது), ரத்தம் உறையும் நேரத்துக்கான இரண்டு பரிசோதனைகள், கல்லீரல் பரிசோதனை, இவற்றில் தொடங்குவார்கள். அந்த வலி மாத்திரையை இனிமேல் கேட்காமல் போடாதீர்கள். பெரும்பாலான வலி மாத்திரைகள் தட்டணுவை ஒட்டவிடாமல் செய்யும்.

ஸ்டென்ட் தாத்தா (செவ்வாய், மதியம் 3.10)

எனக்கு 72. 2021இல் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும். கதவுத் தாழ்ப்பாள் லேசாகப் பட்டால்கூட முன்கை கருத்துவிடுகிறது. பேத்தி பயந்துபோய் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறாள். நிறுத்தலாமா?

வார்டு நர்ஸ் (செவ்வாய், மாலை 5.45)

ஐயா, தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது உயிர்ப் பிரச்சினை. கையில் வரும் கறை அந்த மாத்திரைகளின் வேலையால் வருவது, எதிர்பார்ப்பதுதான். வயதானால் முன்கைத் தோலும் காகிதம் மாதிரி ஆகிவிடும், அதனால் சும்மா உரசினாலே ஊதாப் படலம் வரும். அது ஆபத்தில்லை. இதயமருத்துவரிடம் அடுத்த தடவை காட்டிக் கேளுங்கள்.

ஆனால் கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே ஒரு கீறலும் இல்லாவிட்டாலும், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மலம் தார் மாதிரி கருப்பாகப் போனாலும் அப்படியே. உள்ளே கசிகிறது என்று அர்த்தம்.

இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போடுகிறவர்கள் யாராவது படித்தால்: திடீரெனக் கன்றல் கூடினால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள். ஆன்டிபயாடிக்கோ வலி மாத்திரையோ புதிதாகச் சேர்ந்தால் ஐஎன்ஆர் எகிறும். கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஒரு வாரம் கட்டுக்கட்டாகவும் அடுத்த வாரம் ஒன்றுமில்லாமலும் சாப்பிடாமல் ஒரே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

குளத்துமேடு (செவ்வாய், இரவு 8.00)

என் தங்கைக்கு முகத்திலும் கழுத்திலும் கன்றிக் கன்றி வந்தது. இரண்டு வருடமாகச் சிவப்பழகு கிரீம் தடவியிருக்கிறாள். தோல் டாக்டர் டியூபைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார், ஸ்டீராய்டு. தோல் மெலிந்து, உள்ளே ஓடும் ரத்தக் குழாயெல்லாம் தெரிய ஆரம்பித்திருந்தது. மூட்டுவலிக்கென்று பொட்டலத்தில் மடித்துத் தரும் பெயர் தெரியாத மாத்திரைகளிலும் இது இருக்கலாம் என்றார். நர்ஸ் அக்காவின் கேள்விகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: என்ன தடவுகிறீர்கள்?

ஊதா மூடி (புதன், காலை 7.15)

31 வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும்.

தட்டணு சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டரில் 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் வரை. ஒரு தடவை 24 வயதுப் பையனுக்கு மெஷின் 38,000 என்று காட்டியது. எங்கேயோ எடுத்த பழைய ரிப்போர்ட்டும் அப்படியே. அந்தக் குடும்பம் ரத்தம் கொடுக்க ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வெளியே நின்றது. பையன் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை, அதுதான் எனக்கு உறுத்தியது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்து இழுத்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். தகட்டின் ஓரத்தில், வால்முனையில், தட்டணுக்கள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து இருக்கும். சிலருடைய ரத்தத்தில் அந்த மருந்தே தட்டணுக்களை ஒட்டவைத்துவிடும். கொத்தாகப் போனதை மெஷின் தட்டணு என்று எண்ணாது. நீல மூடி டியூபில் திரும்ப எடுத்தோம். 1.9 லட்சம். அந்தப் பையனின் அப்பா படியிலேயே உட்கார்ந்து அழுதார்.

எண் குறைவாக வந்தால் முதலில் ஸ்மியர் பார்த்தார்களா என்று கேளுங்கள். எண் சரியாக வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள் என்பதும் உண்டு. தட்டணு நிறைய இருந்தும் அது ஒட்டாவிட்டால் என்ன பயன்? பொருநைக்கரை அம்மாவின் குடும்பக் கதையைப் படித்தால், எண்ணிக்கை சரியாகவே வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்போது டாக்டரிடம் "வான் வில்லிபிராண்ட் பார்க்கலாமா" என்று கேளுங்கள். அது தட்டணுவை உடைந்த குழாயோடு ஒட்டவைக்கும் பசை மாதிரியான புரதம். பரம்பரையாகக் குறைந்து வருவது. 1924இல் பின்லாந்தின் ஓலாந்துத் தீவிலிருந்து 5 வயதுச் சிறுமி ஒருத்தியை எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற டாக்டரிடம் கொண்டுவந்தார்கள். அந்த வீட்டில் பல பிள்ளைகள் ரத்தப்போக்கில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். 1926இல் அவர் இதைத் தனி நோய் என்று எழுதினார். அந்தப் பெண் 13 வயதில், நான்காவது மாதவிலக்கில், ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். அதனால்தான் "எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான்" என்ற வரியைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது.

இயற்கைவழி (புதன், காலை 9.00)

தட்டணு ஏறப் பப்பாளி இலைச்சாறு போதுமே. என் அண்ணனுக்கு டெங்குவில் 40,000 ஆக இறங்கியது, சாறு கொடுத்த மூன்றாம் நாள் ஒரு லட்சம்.

யாழ்தேவி (புதன், மதியம் 1.20)

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் இதைக் கண்டல் என்போம். 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு. அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

டெங்குவில் தட்டணு தானாகவே இறங்கும், குணமாகும்போது தானாகவே ஏறும். சாறு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்த மூன்றாம் நாள் வரும். உயிருக்கு ஆபத்து தட்டணுவின் எண்ணில் மட்டும் இல்லை. குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுவதுதான் பெரிய ஆபத்து. அதுவும் காய்ச்சல் விடுகிற நாளில். என் மகனுக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, நாங்கள் சந்தோஷப்பட்டோம். அன்று பின்னேரம் வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் சில்லிட்டது, கணுக்காலில் கடுகு தூவியதுபோலச் சிவப்புப் புள்ளி. உடனே கொண்டுபோனதால் தப்பினான். அங்கே தட்டணு ஏற்றவே இல்லை, மணிக்கணக்கு வைத்து நீர்ச்சத்துதான் கொடுத்தார்கள்.

காய்ச்சலுக்குப் பனடோல் (பாராசிட்டமால்) தவிர வேறு எதுவும் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபனும் ரத்தப்போக்கைக் கூட்டும்.

இயற்கைவழி (புதன், மதியம் 2.05)

சரி, காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்பது எனக்குத் தெரியாது. சாறு மட்டும் போதும் என்று எழுதியது தவறு.

எட்டாம் காரணி அப்பா (புதன், இரவு 10.30)

என் மகனுக்கு இப்போது 9 வயது. எட்டு மாதத்தில் தவழ ஆரம்பித்தபோது நெஞ்சிலும் வயிற்றிலும் கட்டிகட்டியாகக் கன்றியது. நாங்கள் அடித்ததாகச் சொந்தக்காரர்களே பேசினார்கள். என் மனைவி அந்த ஒரு வருடம் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. நடக்க ஆரம்பித்ததும் ஒரு நாள் முழங்கால் பந்து மாதிரி வீங்கிச் சுட்டது, காலை நீட்டவே விடவில்லை. மூட்டுக்குள் ரத்தம். ஹீமோபிலியா. ரத்தத்தை உறையவைக்கும் எட்டாம் காரணி என்ற புரதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே.

ஓடியாடும் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு மேல் கன்றினால் அது விளையாட்டு. இன்னும் நடக்காத குழந்தைக்குக் கன்றினாலும், காது, முதுகு, வயிறு போன்ற இடங்களில் கன்றினாலும் உடனே காட்டுங்கள். தசையில் ஊசி போட்ட இடம் வீங்கிக் கறுத்தால் அதையும் சொல்லுங்கள். இவனுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காரணி இலவசமாகவே போடுகிறார்கள். வேலூர் சிஎம்சியில் 5 பேருக்கு மரபணு சிகிச்சை கொடுத்து ரத்தக்கசிவு நின்ற செய்தி 2024 டிசம்பரில் வந்தபோது நானும் மனைவியும் அதை மாறி மாறிப் படித்தோம்.

கரிசல்காடு (வியாழன், காலை 5.50)

எங்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு. வரப்பில் நடக்கும்போது ஏதோ குத்தியது, முள்ளாக இருக்கும் என்று விட்டுவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கால் வீங்கிக் கறுத்து, ஈறில் ரத்தம் வரும். கண்ணாடி விரியன். அதன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள், உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து. கட்டாதீர்கள், கீறாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

கல்யாணி அம்மா (வியாழன், காலை 10.10)

ரத்தப் புற்றுநோய் பற்றி யாரும் எழுதவில்லையே? அவருக்குத் தூக்கம் போனதே அதனால்தானே.

வார்டு நர்ஸ் (வியாழன், இரவு 7.30)

நியாயமான கேள்வி. ரத்தப் புற்றில் கன்றல் மட்டும் தனியாக வருவது அபூர்வம். சில வாரங்களுக்குள் ஆள் வெளுத்துப்போவார், நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும், விட்டுவிட்டுக் காய்ச்சல், எலும்புவலி, ஈறு வீக்கம், எடை குறைவு. நேற்று வரை இல்லாமல் திடீரெனத் தொடங்குவதுதான் முக்கியம். சின்ன வயதிலிருந்தே கன்றுவது வேறு கதை. ஒரு முழு ரத்த எண்ணிக்கையும் ஸ்மியரும் பார்த்தால் பெரும்பாலும் அதன் அறிகுறி தெரிந்துவிடும், அரசு மருத்துவமனையில் செலவும் இல்லை.

சளி, காய்ச்சல் வந்து போன பிறகு குழந்தைக்கு உடம்பெல்லாம் புள்ளியும் கன்றலும் வந்தால், நோய் எதிர்ப்பு சக்தியே தட்டணுவை அழிப்பதாக இருக்கலாம். ஐடிபி என்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகச் சரியாகும். ஆனால் டாக்டர் கண்ணில் இருக்க வேண்டும்.

புள்ளிகளை அடையாளம் காண ஒரு கண்ணாடி டம்ளர் போதும். டம்ளரின் பக்கத்தைப் புள்ளிமேல் அழுத்திப் பாருங்கள். கொசுக்கடியும் வேர்க்குருவும் மங்கும், தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம் மங்காது. அப்படி மங்காத புள்ளியோடு காய்ச்சலும் சோர்வும் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அடிபட்டுக் கன்றினால் முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். எண்ணெய் போட்டு நீவி விடாதீர்கள், இன்னும் உடையும். மாமியாரின் புளிப் பற்று தோல் கிழியாத இடத்தில் பெரிதாகக் கெடுதல் செய்யாது, சூடு பார்த்துப் போடுங்கள்.

பொருநைக்கரை (17 நாள் கழித்து, ஞாயிறு, மாலை 4.00)

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

தாளைக் கொண்டுபோனேன். முதலில் பார்த்தவர் தட்டணு 2.3 லட்சம், எல்லாம் நார்மல், மனக்கவலை என்றார். ஹீமோகுளோபின் 8.9 என்பதற்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். லேப் ஐயா எழுதியது ஞாபகம் வந்ததால் கிளம்பாமல் இருந்து, பல் பிடுங்கியதையும் அம்மாவின் அறுவை சிகிச்சையையும் திரும்பச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ரத்த நோய் நிபுணருக்கு எழுதிக் கொடுத்தார்.

வான் வில்லிபிராண்ட் 24 சதவீதம். இரண்டாவது தடவை எடுத்தபோது 26. 30க்குக் கீழே இருந்தால் நோய் என்று உறுதியாம். என்னுடையது முதல் வகை, இருப்பதிலேயே மிதமானது. மாதவிலக்கு நாட்களில் ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமில மாத்திரை. பல் பிடுங்குவதற்கோ அறுவை சிகிச்சைக்கோ முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள், பர்ஸில் வைத்திருக்கிறேன். இந்த மாதம் ஆறாம் நாளே நின்றுவிட்டது. 21 வருடத்தில் முதல் தடவை.

அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்கும் இதுதானா? அப்போது யாரும் கேட்கவே இல்லையே" என்றார். அம்மாவுக்கும் பரிசோதனைக்குத் தேதி வாங்கியிருக்கிறேன்.

என் பெண் இன்னும் வயதுக்கு வரவில்லை. பிள்ளைகளுக்கு வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார்கள். அவளுக்கு எப்போது பார்ப்பது? இப்போது சளிக் காய்ச்சலாகக் கிடக்கிறாள்.

ஊதா மூடி (ஞாயிறு, மாலை 5.20)

படித்ததும் கண் கலங்கிவிட்டது அம்மா. பெண்ணுக்கு இப்போது எடுக்காதீர்கள். காய்ச்சல் நேரத்தில் அந்தப் புரதம் உடம்பில் கூடும், இருக்கிற குறை மறைந்துவிடும். ஊசிக்குப் பயந்து அழுதாலும் கொஞ்சம் கூடும். நன்றாகக் குணமாகி இரண்டு மூன்று வாரம் போகட்டும். காலையில், ஓடி விளையாடாமல், அமைதியாக உட்காரவைத்து எடுக்கச் சொல்லுங்கள். மாதிரியை வேறு ஊருக்கு அனுப்புவதாக இருந்தால் எப்படிப் பதப்படுத்தி அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் பரிசோதனை நடக்கும் இடத்திலேயே போய்க் கொடுங்கள். பையனையும் விட்டுவிடாதீர்கள், இது ஆண் பிள்ளைகளுக்கும் வரும். அதுவரை இரண்டு பேருக்கும் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்.

பொருநைக்கரை (ஞாயிறு, இரவு 8.45)

சரி ஐயா. காலாண்டு விடுமுறையில் இரண்டு பேரையும் கூட்டிப்போகிறேன். அம்மாவும் அன்றைக்கே வருகிறேன் என்கிறார்.